இன்ஜின் ஆறும் வரை

அந்தப் பையை மட்டும் மிதிச்சறாதீங்க தம்பி. மடியில வெச்சுக்கலாம்னா இந்த பஸ் குலுக்குற குலுக்குக்கு ஆகாது, அதுதான் கீழ வெச்சேன். உள்ள வெர்னியர் இருக்குது. இரும்போட கனத்தை, தடிமனை அளக்குற கருவிங்க. மயிரளவு கூடக்கொறைய இருந்தாலும் காட்டிக்குடுத்துரும். தாராபுரம் வரைக்கும் பத்திரமாப் போய்ச் சேரோணும்.

நீங்களும் தாராபுரமுங்களா? கல்யாணமா? நல்லது, நல்லது. நான் பைக் ரேசுக்குப் போறேனுங்க. தார் ரோட்டுல ஓட்டுறது இல்லை, செம்மண் ரேஸ். ஊருக்கு வெளிய ஒரு கோழிப்பண்ணைக்காரர் தோட்டத்துல மண்ணை மேடும் பள்ளமுமா இழுத்துவிட்டு, வளைச்சு வளைச்சுப் பாதை போட்டிருக்காங்க. பார்த்ததே இல்லையா? ஒரு காலத்துல பார்க்கவேண்டிய சங்கதிதான். இப்ப வராதீங்க. இப்ப அங்க எங்க ரேஸ் நடக்குது? பத்து நிமிசம் வண்டி ஓடுது, மிச்சப் பொழுதுக்கும் பரிசோதனை நடக்குது.

எம்பேரு வெள்ளிங்கிரி. சிங்காநல்லூர்ல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறேன். ஓட்டுறது வேற ஆளு, வண்டி கட்டுறது நான். கோயமுத்தூர்ல ரேஸ் வண்டி கட்டுற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க, ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க.

நான் கட்டுறது ஸ்டாக் பிரிவு வண்டிங்க. அப்படின்னா, கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே ஓட்டோணும். இன்ஜின்ல ஒரு நட்டுகூட மாத்தக்கூடாது. இதைவிடப் பைத்தியக்காரத்தனம் ஒண்ணு உண்டுங்களா? கம்பெனி வண்டியை அப்படியே ஓட்டுறதுக்கு நான் எதுக்கு? ஷோரூம்ல டை கட்டிட்டு நிக்கறானே, அவனே போதுமே.

அதனால என்ன பண்ணுவோம், கொஞ்சம் கைவேலை பண்ணுவோம். எல்லாரும் பண்றதுதான். இன்ஜினோட தலைப்பக்கம் ஹெட்டுன்னு ஒரு மூடி இருக்குதுங்க. அதை லேத்துல குடுத்து அடிப்பக்கம் துளியூண்டு சீவிட்டா, உள்ள அமுக்கம் கூடும், வண்டி கிளம்புற கிளம்பே வேற. அப்புறம், பெட்ரோலும் காத்தும் உள்ள போற ஓட்டையைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கறது. தேய்ச்சதோட விட்டா மாட்டிக்குவீங்க. மறுபடி மணல் அடிச்சு, கம்பெனி வார்ப்பு மாதிரியே சொரசொரன்னு ஆக்கி வெக்கோணும். அதுலதான் இருக்குது வேலை. தேய்க்கறது எவன் வேணாலும் தேய்ப்பான். தேய்க்காத மாதிரி காட்டோணும் பாருங்க.

இதெல்லாம் நல்லாத்தான் போய்ட்டிருந்துது, அந்தாளு வர்ற வரைக்கும். பெனடிக்ட். போன வருசம் ரேஸ் நடத்துற கிளப்புல புதுசாப் போட்ட பரிசோதகர். எங்கயோ பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவராம். வந்ததும் வராததுமா, வண்டி சொன்ன எடைக்குக் கொறையக்கூடாது, எடை போடணும்னாரு. போடுங்க சார்னோம். அதுக்கு முன்னாடி சேத்தைச் சொரண்டணும்னாரு. ஏனுங்க, செம்மண்ணுல ஓடின வண்டியில சேறு இல்லாம வேற என்ன இருக்கும்? சேறும் வண்டியோட சேர்ந்து ஓடி வந்ததுதானே? நான் கேட்டேன், அது நியாயமான கேள்வி. அந்தாளு ஒரு சட்டுவத்தை எடுத்து என் மட்கார்டுக்கு அடியில விட்டுச் சொரண்டினாரு. கட்டி கட்டியா விழுந்துது. நான் காத்தாலயே குழைச்சு அப்பி வெச்சதுதான், வெயிட்டு பத்தாம இருந்துது. அது வேற விசயம். கேள்வி நியாயமான கேள்வி.

அப்புறம் டயரை மோந்து பார்க்கறது. சிரிக்காதீங்க, நெசமாலுமே மண்டி போட்டு மூக்கை வெச்சு மோந்து பார்ப்பாரு. டயரைப் பெயின்ட் தின்னர்ல ஊற வெச்சா ரப்பர் எளகி மண்ணுல நல்லாப் பிடிக்கும். அந்த வாசம் வருதான்னு பார்க்கறாராம். படிச்ச மனுசன் பண்ற வேலையா இது? நான் என்ன பண்ணினேன், ஊற வெச்ச டயருக்குச் சாம்பிராணிப் புகை போட்டுக் கொண்டுபோனேன். மோந்து பார்த்துட்டு, "என்ன வெள்ளிங்கிரி, டயருக்கு வெள்ளிக்கிழமை பூஜையா?"ன்னாரு. சுத்தி நின்னவனெல்லாம் சிரிச்சான். அவனவன் டயரு என்ன யோக்கியம்னு எனக்குத் தெரியாதா?

சரி, கதைக்கு வர்றேன். போன வருசம் என் வண்டியை ஓட்டினது என்ற சொந்தப் பொண்ணுங்க. சிவரஞ்சனி. ரஞ்சின்னு கூப்பிடுவோம். ஆமாங்க, பொண்ணுதான். அந்தப் பிரிவுல இருந்த ஒரே பொண்ணு. ஸ்கூட்டர்ல கால் எட்டாத வயசுலயே அவ ஒர்க்‌ஷாப்ல எல்லா வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துருவா. அவ ஓட்டத்துல நொட்டை சொல்ல ஒண்ணுமில்லை. போன வருசம் மூணாவது ரேஸ்ல, இதே தாராபுரத்துல, முதல்ல வந்தா. ரெண்டாவது வந்தது போத்தனூர் முபாரக் கட்டின வண்டி. கடைசி சுத்துல ஒட்டிக்கிட்டே வந்துட்டான்.

எனக்குப் பொறுக்கலை. அது எப்படிங்க ஒட்டி வருவான்? என் கைவேலை செஞ்ச வண்டிக்குப் பக்கத்துல ஒருத்தன் வர்றான்னா அவன் என்னைவிட எச்சாக் கைவேலை பண்ணியிருக்கோணும். வேற வழியே இல்லை. அதனால புகார் குடுத்தேன். புகார் குடுத்தா இன்ஜினைத் தொறந்து பார்ப்பாங்க. ஜெயிச்சது என் வண்டி, அப்புறம் எதுக்குப் புகார்னு ரஞ்சி கேட்டா. "ப்பா, வேண்டாம் விடு, நாமதான் முதல்ல வந்துட்டமே"ன்னா. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்?

அங்கதான் அந்த பெனடிக்ட் ஒரு குழி வெட்டி வெச்சிருந்தாரு. புது ரூலாம். புகார் குடுத்தவன் வண்டி இன்ஜினையும் சேர்த்தே தொறக்கோணுமாம். காத்தால எல்லாருக்கும் ரூல் பேப்பர் குடுத்தாங்க, இல்லைன்னு சொல்லலை. நான் அதுல கை தொடச்சுப் போட்டுட்டேன். ரேஸ் அன்னிக்குப் பேப்பர் குடுத்தா எவன் படிப்பான்?

அது எப்படித் தொறப்பாங்கன்னா, அதுவே ஒரு கூத்துங்க. தார்பாய் விரிச்சு வண்டியை நிறுத்தி, சுத்தியும் கயிறு கட்டிருவாங்க. கயித்துக்குள்ள பெனடிக்ட், ரெண்டு வண்டியையும் கட்டினவங்க, ஓட்டினவங்க, அவ்வளவுதான். உள்ள போயிட்டா முடியற வரைக்கும் யாரும் வெளிய வரக்கூடாது. போன் பேசக்கூடாது. வெளிய கால் வெச்சா தோத்ததாக் கணக்கு. ரேஸ் ஓடின இன்ஜின் கொதிச்சுக் கெடக்கும் பாருங்க, சூட்டோட அளந்தா அளவு தப்பா வரும்னு ஆறுற வரைக்கும் அப்படியே நிக்கோணும். ரெண்டு ஸ்டூல் போட்டிருப்பாங்க. பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துட்டு, ஆறாத இன்ஜினையும் பார்த்துட்டு, என்ன ஜென்மமோன்னு நிக்கோணும்.

முபாரக் வண்டி சுத்தம். கம்பெனிக்காரன் போட்ட பெயின்ட்கூட உரியலை. அப்புறம் எங்க வண்டி. ஹெட்டை எடுத்து அந்தாளு அளந்தாரு. மறுபடி அளந்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு இன்னொரு தடவை அளந்தாரு. கனம் கம்மி. கம்பெனியிலயே சில ஹெட் அப்படித்தான் வரும்னேன். "எந்தக் கம்பெனி வெள்ளிங்கிரி, உங்க கம்பெனியா?"ங்கறாரு. அந்த லொள்ளுக்கே அவர் மேல கேஸ் போடலாம்.

இப்பத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். கிளப்காரங்க நாலு பேர் உக்காந்து விசாரிச்சாங்க. ஹெட்டுல கை வெச்சது யாருன்னு கேள்வி. நான் அந்த இடத்துல ஒரு கணக்குப் போட்டேன். நான்னு சொன்னா ஒர்க்‌ஷாப் பேரையே அடிச்சுருவாங்க. நான் கட்டுற எந்த வண்டியும் ஓட முடியாது. ஓட்டுறவங்கன்னா அந்த ஒரு சீசன் தடை. அதுவும் பொம்பளப் புள்ளை, முதல் தடவை, கண்டிச்சு விட்டுருவாங்க. யோசிச்சுப் பார்த்தீங்கன்னா இதுதான் புத்திசாலித்தனம். அதனால, "கார்புரேட்டர் வேலை மட்டும்தானுங்க எனக்கு, ஹெட்டைக் கழட்டி மாட்டினதெல்லாம் ரஞ்சி அம்மிணிதான்"னு சொன்னேன்.

பொய்யில்லைங்க. மாட்டினது அவதான். லேத்துல இருந்து நான் கொண்டுவந்து குடுத்தேன், அவ மாட்டினா. சீவினதைப் பத்தி அவங்க கேக்கவே இல்லையே. கை வெச்சது யாருன்னுதானே கேட்டாங்க?

அவ என்ன பண்ணினா தெரியுமுங்களா? போட்டிருந்த கிளவுசைக் கழட்டி அந்த டேபிள் மேல வெச்சா. "ஆமாங்க சார், நான்தான் மாட்டினேன்"னா. அவ்வளவுதான். என்ற பொண்ணு அப்பனைக் காட்டிக்குடுக்கலை. அதுல எனக்கு ஒரு பெருமை. பெனடிக்ட் என்னையே பார்த்துட்டிருந்தாரு, எதோ நான் அவர் பாக்கெட்டுல கை விட்ட மாதிரி. அந்தாளு அப்பவே மனசு வெச்சிருந்தா கண்டிச்சு விட்டிருக்கலாம். ரூல்னா ரூலாம். சீசன் முடியற வரைக்கும் தடை போட்டாங்க. அவ ஜெயிச்ச கோப்பையை முபாரக் ஆளுகிட்டக் குடுத்தாங்க. எல்லாம் அந்தாளு பண்ணின வேலைங்க. ஒரு குடும்பத்தைப் பிரிச்ச பாவம் சும்மா விடுமா?

பிரிச்சதுன்னா, ஆமாங்க. மைதானத்துல இருந்து அவ ஊட்டுக்கு வரலை. போத்தனூர்ல அவ சித்தி ஊட்டுக்குப் போயிட்டா. ரெண்டு நாள்ல கோவம் தணிஞ்சு வந்துருவான்னு விட்டுட்டேன். ரெண்டு நாள்ல வந்தது அந்த முபாரக். ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னுட்டு, "அண்ணே, ஹெல்மெட்டை எடுத்துட்டு வரச் சொல்லுச்சுங்க பாப்பா"ன்னான். நான் யாரு வண்டி மேல புகார் குடுத்தனோ, அவன்கிட்டயே வேலைக்குச் சேர்ந்துட்டா. ஊர்ல வேற ஒர்க்‌ஷாப்பே இல்லை பாருங்க. நான் ஹெல்மெட்டை எடுத்துக் குடுத்தேன். தொடச்சுத்தான் குடுத்தேன்.

போன் பண்ணினா எடுக்கறதில்லை. என் சம்சாரம் வாராவாரம் அங்க போய்ப் பார்த்துட்டு வர்றா. என்ன பேசினீங்கன்னு கேட்டா, "ஒண்ணுமில்லை"ங்கறா. ரெண்டு பொம்பளைங்க பகல் பூரா உக்காந்து ஒண்ணுமே பேசலையாம். நம்பிட்டேன்.

இந்த வருசம் தடை முடிஞ்சு முபாரக் வண்டியை ஓட்டறா. நடந்த ரெண்டு ரேசும் அவதான் முதல். எனக்கு ஓட்டுறது கோகுல்னு ஒரு பையன், செல்போன் கடையில வேலை. நல்லாத்தான் ஓட்டறான். என் கைவேலை அத்தனையும் அந்த வண்டியில இருக்குது, அப்பவும் ரெண்டு தடவையும் அவளுக்குப் பின்னாடிதான். பெனடிக்ட் எடை போட்டு, மோந்து பார்த்து, சேத்தைச் சொரண்டி, ரஞ்சி வண்டி சரியா இருக்குதுன்னுட்டாரு. இன்ஜினைத் தொறக்கலை. யாராவது புகார் குடுத்தாத்தானே தொறப்பாங்க?

நீங்களே சொல்லுங்க. கம்பெனி வண்டியை அப்படியே ஓட்டி என் வண்டியை எவளாலயாவது ஜெயிக்க முடியுமா? முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். சுத்தமா ஓட்டி ஜெயிச்ச வண்டியை நான் கண்ணால பார்த்ததே இல்லை. அதனால இன்னிக்குப் புகார் குடுக்கப் போறேன். ஆமாங்க, என்ற பொண்ணு வண்டி மேலதான். ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? அந்தாளே வாய்க்கு வாய் சொல்றாரே. அளக்கறதுக்கு அவரு கருவியை நான் நம்ப மாட்டேன், அதுதான் என் வெர்னியரையே கொண்டுபோறேன்.

பேர் கெட்டுப்போகுமா? யாரு பேரு? ஓ, அவ பேரா. மைக்ல சொல்லுவாங்கதான், இன்னார் வண்டி மேல இன்னார் புகார்னு. சொல்லட்டுமே. தொறந்து பார்த்து சுத்தம்னா அதையும் அதே மைக்ல சொல்லுவாங்கல்ல? அது எவ்வளவு பெரிய கௌரவம். அந்த கௌரவத்தை நான்தானே வாங்கிக் குடுக்கறேன்? இதெல்லாம் யாருக்குப் புரியுது.

என் வண்டியையும் தொறப்பாங்கதான். நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க தம்பி. தொறக்கட்டும். போன வாரம் ஷோரூம்ல போய் புது ஹெட்டு வாங்கினேன். கம்பெனி டப்பாவோட. கவுண்டர்ல இருந்த பையனுக்கு என்னைத் தெரியும், "அண்ணா, உங்களுக்கா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சான். வாங்கி அப்படியே மாட்டினேன், எண்ணெய் தொடச்சதோட சரி. கார்புரேட்டரும் புதுசு. டயரு புதுசு, தின்னரும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. வெள்ளாமை இல்லாத காடு மாதிரி கெடக்குது வண்டி. கோகுல் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "என்ன மாமா, வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது, இதுல ஓட்டினா கடைசியிலதான் வருவேன்"னு குதிச்சான். வந்தா வாடான்னேன். அந்தக் கோவத்துல வண்டியை வேன்ல ஏத்திட்டு என்னை விட்டுட்டுப் போயிட்டான். அதுதான் நான் பஸ்ல வர்றேன்.

கடைசியில வந்தவனும் புகார் குடுக்கலாமுங்க. ரூல்ல அப்படித்தான் இருக்குது. இந்தத் தடவை படிச்சுட்டேன். எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சேன்.

அவ வண்டியில என்ன இருக்கும்னு நெனைக்கறேன்னா? ஒண்ணும் இருக்காது. அதான் எனக்குத் தெரியுமே. போன ரேஸ்ல கம்பி வேலிக்கு வெளிய நின்னு பார்த்தேன். எல்லாரும் வளைவுல உள்பக்கம் ஈர மண்ணுல முட்டி மோதிட்டுப் போறானுங்க. அவ மட்டும் வெளி ஓரமா, ஒருத்தனும் போகாத காஞ்ச மண்ணுல, பிரேக்கையே தொடாம ஒரு வளைப்பு வளைச்சுப் போறா. சுத்து தப்பாம அதே கோடு. அது வண்டி வேகமில்லை தம்பி, அது அவ ஓட்டம். நான் சொல்லிக்குடுத்ததும் இல்லை, அந்த முபாரக்குக்கும் அது தெரியாது. என் வண்டியில ஓட்டினப்பவும் அப்படித்தான் ஓட்டியிருப்பா போல. நான் அப்பெல்லாம் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுட்டிருப்பேன், அவளை எங்க பார்த்தேன்.

பின்ன எதுக்குப் புகாரா? என்ன தம்பி, இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்படிக் கேக்கறீங்க. நான் பக்கத்துல போனா அவ எந்திரிச்சு அக்கட்டால போயிர்றா. போன ரேஸ்ல ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் போயிட்டா. முபாரக் நடுவுல வந்து "விடுங்கண்ணே"ங்கறான். ஆனா கயித்துக்குள்ள வந்துட்டா அவ எங்கயும் போக முடியாதுல்ல? வெளிய கால் வெச்சா தோத்துருவா. அவ ஜெயிச்சதை விட்டுட்டுப் போறவ இல்லை, அது எனக்குத் தெரியும். ரெண்டு ஸ்டூலு. ஒண்ணுல நான். ரெண்டு இன்ஜினும் ஆறோணும். முதல்ல அவளோடதைத் தொறப்பாங்க, அப்புறம் என்னோடது. என் ஹெட்டை அந்தாளு அளக்கறப்ப அவ பக்கத்துல நின்னு பார்க்கோணும். பார்த்துத்தான் ஆகோணும், ரூல் அப்படி. அந்த பெனடிக்ட் எழுதின ரூல்லயே உருப்படியானது அது ஒண்ணுதானுங்க.

பேச மாட்டா. அது தெரியும். நானும் என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் போறேன். வெர்னியரைத் தொடச்சுட்டு உக்காந்திருப்பேன்.

நீங்க ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க. தாராபுரம் பக்கம் மேகம் கீகம் தெரியுதுங்களா? இல்லையா? நல்லதாப் போச்சு. வெயில் நல்லாக் காயட்டும். தூறல் கீறல் விழுந்துட்டா இன்ஜின் சீக்கிரமா ஆறிப்போயிருமுங்க.